நிலா ராணியான வழக்கு

அருப்புக்கோட்டைத் தொகுதிக்குத் தமிழக அரசியலில் தனி இடம் உண்டு. 1977 சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். நின்று ஜெயித்த தொகுதி இது. அந்த வெற்றியோடுதான் அவர் முதன்முறையாக முதலமைச்சர் ஆனார். அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால், 1963ல் வந்த ‘கலை அரசி’ படத்தில் அவர் ஒரு விவசாயி. அறிவியலில் கொழித்துக் கலையில் வறண்டுபோன வேற்றுக் கிரகத்தார், பாட்டுக் கற்றுக்கொள்வதற்காகப் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவரை மீட்க எம்.ஜி.ஆர். விண்கலத்தில் ஏறிப் போவார். வேற்றுக் கிரகத்தாரைத் திரையில் காட்டிய முதல் இந்தியப் படங்களில் அதுவும் ஒன்று. வானத்துக்குப் போய்வந்த அந்த விவசாயியை, மழைக்காக வானம் பார்த்துக் கிடக்கும் இந்தத் தொகுதிதான் கோட்டைக்கு அனுப்பிவைத்தது.

பங்குனி வெயிலில் மதுரை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறியபோது என் பையில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இருந்தது. 1990களின் தொடக்கத்தில் அந்த நாவல் தூர்தர்ஷனில் தொடராக வந்தபோது, அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களிலும் திருச்சுழிப் பக்கத்து ஊர்களிலும் அதை வைத்துப் பெரிய வழக்கே நடந்தது என்று அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். யார் நல்லவர், யார் ஆளத் தகுந்தவர் என்று கட்சி பிரிந்து பேசினார்களாம். பட்டணத்து இளைஞர்கள் படித்த கதை என்றுதான் அந்த நாவலைப் பற்றிப் பொதுவாக எழுதுவார்கள். தறிமேட்டிலும் களத்துமேட்டிலும் அதைப் பற்றி என்ன பேசியிருப்பார்கள் என்பதைக் கேட்டுவிட வேண்டும் என்று கிளம்பினேன்.

காரியாபட்டி தாண்டியதும் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. கறுத்து, வெடித்து, கால் வைத்தால் உள்வாங்கிவிடும் போன்ற கரிசல். பருத்திச் செடிகளில் கடைசிப் பறிப்பு முடிந்து குச்சிகள் நின்றன. சாலையோரக் களங்களில் மிளகாய் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் வரிசையாகத் தும்மினார்கள். மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேல். அங்கங்கே கரிமூட்டத்தின் புகை தரையை ஒட்டியே நகர்ந்தது. விவசாயம் கைவிட்ட வருஷங்களில் இந்த முள்தான் இங்கே பல குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதை வெட்டி ஒழிக்க வேண்டும் என்று பேசுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களில் ‘ஆனந்த விகட’னில் தொடராக வந்த நாவல் அது. 2021ஐ ஒட்டிய ஒரு கற்பனை இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர்தான். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். வயதானவர்களுக்கு வாழ்வதற்கே அனுமதியில்லை. நிலா என்ற இளம் மனைவி, காணாமல்போன தன் கணவன் சிபியைத் தேடிக் கிளம்புகிறாள். அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்த ரவி, ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்கிறவன். மனோ அவனுடைய கூட்டாளி. கூடவே ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. அது புத்தகம் படிக்கும், பேசும், கடைசியில் எல்லோரையும்விட அதிகமாக யோசிக்கும். கதையின் நடுமுடிச்சு, ஜீவா என்று ஒரு ஆளே கிடையாது என்பது. ஒளியால் ஆன முப்பரிமாண உருவத்தைத்தான் மக்கள் தலைவர் என்று கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்த ரவியும் மனோவும் அதை அம்பலப்படுத்துவதோடு நிற்கவில்லை. நிலாவை ராணியாக்கி முன்னால் உட்காரவைத்துவிட்டு, பின்னால் இருந்து ஆளத் தொடங்குகிறார்கள்.

இதை எழுதிய காலத்தில் சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஒரு கையால் ஓட்டை எண்ணும் பெட்டிக்கு வேலை செய்துகொண்டு, மறுகையால் ஓட்டே இல்லாத ஒரு நாட்டைக் கற்பனை செய்திருக்கிறார். அந்த மனிதரின் ராத்திரிகளை நினைத்துப் பார்க்கிறேன்.

அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் இப்போது விசைத்தறிச் சத்தம்தான். இரண்டு பேர் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் தெருமுனைக்குப் போக வேண்டும். அந்தச் சத்தத்துக்கு நடுவே கைத்தறி ஓடிய ஒரே வீட்டைக் கண்டுபிடித்து உள்ளே போனேன். எழுபது வயது கடந்த பெரியவர் குழித்தறிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்திருந்தார். மிதியை மிதிப்பதும் நாடாவைச் சுண்டுவதும் அச்சை இழுத்துத் தட்டுவதும் ஒரே அசைவாக நடந்தது. பருத்திச் சேலை, மாம்பழ நிற உடல், அரக்குக் கரை. ஒரு இழை அறுந்தது. எச்சில் தொட்டு, விரல் நுனியில் உருட்டி, ஒட்டிவிட்டு, பேச்சை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். எந்த இழை என்று என் கண்ணுக்குத் தெரிவதற்குள் அது சேலையாகிவிட்டிருந்தது.

நான் கொண்டுபோன புத்தகத்தின் அட்டையைக் காட்டியதும் அவர் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம நிலா கதையா? சிவரஞ்சனி நடிச்சது. இந்தத் தெருவுல அப்ப நாலு வீட்லதான் டிவி. ஆண்டெனாவக் கொடைக்கானலப் பாத்துத் திருப்பி வச்சிருப்போம். காத்தடிச்சா அது திரும்பிக்கிரும். ஒரு பொடியன் மேல ஏறி நிப்பான். ‘தெரியுதா, தெரியுதா’ன்னு அவன் கேக்க, ‘இன்னுங் கொஞ்சம், அந்தா, விடு விடு’ன்னு நாங்க கத்த, அதுக்குள்ள பாதிக் கதை போயிரும்.”

கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வந்த பிறகுதான் தென்மாவட்டங்கள் சென்னைத் தொலைக்காட்சியை ஒழுங்காகப் பார்த்தன. அதற்கு முன்னால் ராமநாதபுரம் கடலோரத்தில் உயரமான கம்பம் நட்டு, 1982ல் தொடங்கிய இலங்கை ரூபவாஹினியைப் பார்த்தவர்கள் உண்டு. அருப்புக்கோட்டைக்கு அந்தப் பாக்கியமும் அரைகுறைதான். புள்ளி புள்ளியாகத் தெரிந்த படத்தில் பாதியைக் கண்ணும் மீதியைப் பேச்சும்தான் நிரப்பின. மறுநாள் காலையில் தெருவில் பாவு ஓட்டும்போது, கரண்ட் போய்ப் பார்க்க முடியாதவர்களுக்கு, பார்த்தவர்கள் கதை சொல்வார்கள். சொல்கிறபோதே தன் கட்சியையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். வழக்கு அங்கேதான் தொடங்கும் என்றார் பெரியவர்.

“நீங்க எந்தக் கட்சி, அண்ணாச்சி?”

“நான் மொதல்ல ஜீவா கட்சி” என்றார் கொஞ்சமும் தயங்காமல். “சிரிக்காதீக. நாட்டுல எல்லாருக்கும் வீடு, எல்லாருக்கும் சோறு. வரிசை ஒழுங்கா நகருது. இங்க நாங்க கூட்டுறவுச் சங்கத்துல நூலுக்குக் காத்துக் கெடந்த காலம் அது. ஆள் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, நூல் வந்தாச் சரின்னு பேசுனேன். எங்க அண்ணன் ரவி கட்சி. பொய்ய உடைக்கிறவன்தான் தலைவன்னு அவரு. ரெண்டு பேரும் ஒரே பாவுக்கு அந்தத் தலையிலயும் இந்தத் தலையிலயும் நின்னுக்கிட்டு, நூல் அறுந்தது தெரியாமப் பேசியிருக்கோம்.”

“பெறகு?”

“பெறகு ரவி அந்தப் பொய்யக் கண்டுபிடிச்சான்ல? கண்டுபிடிச்சவன் அத அணைச்சானா? அணைக்கல. அந்த வெளிச்சத்த மறைச்சிட்டு ஒரு பொம்பளப் பிள்ளையக் கொண்டாந்து நிப்பாட்டிட்டான். வெளக்க மாத்துனான், வித்தைய மாத்தல. அன்னைக்கு எங்க அண்ணன் வாயத் தொறக்கல. நானும் ஜீவா கட்சிய விட்டுட்டேன். ஜெயிச்சது யாருன்னு கேட்டா, அன்னைக்கு ரெண்டு பேருமே தோத்தோம்.”

இந்த நாவலைப் பற்றி நான் வாசித்த விமர்சனங்களில் பல, சுஜாதாவின் தொழில்நுட்பக் கற்பனை எவ்வளவு பலித்தது என்பதோடு நின்றுவிடும். ஒளியுருவம் வந்துவிட்டதா, பேசும் இயந்திரம் வந்துவிட்டதா என்று சரிபார்க்கும். ரவியின் வீழ்ச்சி எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்பதை இத்தனை துல்லியமாகச் சொன்னவர் இந்தப் பெரியவர்தான். சர்வாதிகாரியின் கருவி கையில் கிடைத்த பிறகு புரட்சிக்காரன் என்ன செய்கிறான் என்பதே அந்தக் கதையின் கேள்வி. தறிக்குழியில் இருந்தவருக்கு அது உடனே பிடிபட்டிருக்கிறது.

அவர்களுக்கு அது பிடிபட ஒரு காரணம் உண்டு. 1984 டிசம்பர் தேர்தலில் எம்.ஜி.ஆர். ஆண்டிபட்டி வேட்பாளர். ஆனால் அவர் இருந்தது அமெரிக்காவில், புரூக்ளின் மருத்துவமனையில். பிரச்சாரத்துக்கு வர முடியாத தலைவருக்குப் பதிலாக, மருத்துவமனையில் அவரைப் படம்பிடித்த வீடியோ ஊர் ஊராகப் போனது. மக்கள் திரையில் அவரைக் கண்ணாரப் பார்த்து ஓட்டுப் போட்டார்கள். அவர் ஜெயித்து, திரும்பி வந்து ஆண்டார். அந்த வீடியோவை இதே தெருவில் நின்று பார்த்ததாகப் பெரியவர் சொன்னார். அந்தத் திரைக்குப் பின்னால் ஒரு உயிர் இருந்தது, அது தங்களுக்காகத் துடித்தது என்று இன்றைக்கும் அவர் உறுதியாக நம்புகிறார். அதனால்தான் ஜீவாவுக்குப் பின்னால் யாரும் இல்லை என்று தெரிந்த அந்த வாரம் அவருக்கு அப்படி வலித்திருக்கிறது. அவரிடம் அதைக் கேட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட வழக்குகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1966ல் ‘ஸ்டார் ட்ரெக்’ தொலைக்காட்சித் தொடர் தொடங்கியதிலிருந்தே கேப்டன் கிர்க் பெரியவரா என்ற பேச்சு. 1987ல் அடுத்த தலைமுறைத் தொடரில் பிக்கார்ட் வந்ததும் அது இரண்டு கட்சியானது. ‘பேட்டில்ஸ்டார் கலாக்டிகா’வின் புதிய வடிவத்தில் வழக்கு இன்னும் கூர்மை. மனித இனமே கிட்டத்தட்ட அழிந்து, மிஞ்சியவர்கள் கப்பல்களில் தப்பி ஓடுகிறார்கள். மேலே இருந்த அமைச்சர்கள் எல்லோரும் இறந்துவிட, வாரிசு வரிசையில் 43வது இடத்தில் இருந்த கல்வி அமைச்சர் லாரா ராஸ்லின் ஜனாதிபதியாகிறார். துப்பாக்கியும் கப்பலும் படைத்தளபதி அடாமாவிடம். ஆளவேண்டியது யார்? பள்ளி ஆசிரியையாக இருந்தவர் என்று ராஸ்லினைத் தள்ளிவைத்துப் பேசிய ரசிகர்கள், போகப்போக அவர் பக்கம் வந்தார்கள். வந்தபின் அவர் செய்த கொடுமைகளைப் பார்த்துத் திகைத்தார்கள். தற்செயலாக நாற்காலிக்கு வந்த பெண் என்ற வகையில் ராஸ்லினும் நிலாவும் உறவுக்காரர்கள். ராஸ்லினுக்கு முதல் நாளே சட்டம் பக்கபலமாக இருந்தது. நிலாவுக்கு இருந்தது ஒரு நாய்க்குட்டி.

இந்த மண்ணில் கதாபாத்திரத்தை நிறுத்தி வைத்து வழக்காடும் பழக்கம் டிவியோடு வந்ததல்ல. திருச்சுழிக்குத் தெற்கே ஒரு ஊரில் பங்குனிப் பொங்கலுக்கு நாடகம் என்று கேள்விப்பட்டு அன்று ராத்திரி போய்ச் சேர்ந்தேன். ‘வள்ளி திருமணம்’. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் சீமையில் கோயில் கொடைக்கு இன்றும் முதல் தேர்வு அதுதான். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துக் கொடுத்த நாடக மரபில் வந்த ஸ்பெஷல் நாடகம். ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். ஒத்திகை கிடையாது. மேடையில்தான் சந்திப்பார்கள்.

பபூனும் டான்ஸும் முடியவே நடுநிசி ஆகிவிட்டது. அதுவரை பாயில் படுத்துக் கிடந்தவர்கள் நாரதர் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார்கள். தினைப்புனத்துக்குக் காவல் இருக்கும் வள்ளிக்கும் வந்து நின்ற நாரதருக்கும் தர்க்கம். ஆண் உயர்வா பெண் உயர்வா, துறவறம் பெரிதா இல்லறம் பெரிதா என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தது. நாரதராக வந்தவர் புராணத்திலிருந்து ஒன்றை எடுத்துப்போட, வள்ளியாக வந்த அம்மாள் ஒரு கணம் மௌனமாக நின்றார். எனக்கு முன்னால் இருந்த பாட்டி பொறுக்க மாட்டாமல், “சொல்லுத்தா, விடாத” என்று குரல் கொடுத்தார். வள்ளி சிரித்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, “காவலுக்கு வந்தவ நான், சாமி. கேள்வி நான் கேக்கணும், பதில் நீங்க சொல்லணும்” என்று திருப்பிப் போட்டார். கூட்டம் விசிலடித்தது. தினைப்புனம் யார் பொறுப்போ அவரே அங்கே அதிகாரி, வந்தவர் தேவரிஷியாகவே இருக்கட்டும். தலைமை பற்றி இத்தனை சுருக்கமான ஒரு விளக்கத்தை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

1939ல் காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்க, கம்பனின் பாத்திரங்களைப் புலவர்கள் மேடையில் ஏற்றி இறக்கினார்கள். பிறகு குன்றக்குடி அடிகளாரும் சாலமன் பாப்பையாவும் பட்டிமன்றத்தை ஊரெங்கும் கொண்டுபோனார்கள். அவையெல்லாம் ஒரு பக்கம் இருக்க, பாயில் உட்கார்ந்த கூட்டம் விடிய விடியத் தர்க்கம் கேட்டே பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தோடுதான் சுஜாதாவின் தொடரையும் பார்த்திருக்கிறார்கள்.

விடிகாலை டீக்கடையில் நாடகத்தின் வழக்கு தொடர்ந்தது. சென்னையில் வேலை பார்க்கும் ஒரு இளைஞர் திருவிழாவுக்கு வந்திருந்தார். சுஜாதா படித்ததில்லை, ஃபோனில் தமிழில் பேசும் வெளிநாட்டுத் தொடர்கள் எல்லாம் அத்துப்படி. ஜீவா கதையைச் சொன்னதும், “இது நடந்துருச்சேண்ணே” என்றார். சட்டென்று ஃபோனை எடுத்துக் காட்டினார். 2024 ஜனவரியில் ஒரு திமுக விழாவில், 2018ல் மறைந்த கருணாநிதி செயற்கை நுண்ணறிவு மூலம் திரையில் தோன்றிப் பேசினார். அடுத்த மாதமே ஜெயலலிதாவின் பிறந்தநாளை ஒட்டி, அவருடைய குரலை அதேபோல உருவாக்கி அதிமுக வெளியிட்டது. 2014 மக்களவைத் தேர்தலிலேயே நரேந்திர மோடியின் ஒளியுருவம் ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் பேசியது.

“இதுல எது ஜீவா?” என்று கேட்டார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர்.

இளைஞர் யோசித்துச் சொன்னார். மோடி உயிரோடு இருக்கிறார். அவருடைய பேச்சைத்தான் ஒளி கொண்டுபோகிறது. அந்த உருவம் சொன்னதற்கு அவரைப் போய்க் கேட்கலாம். மறைந்தவர் சொல்லாத ஒன்றை அவர் குரலில் சொன்னால், தப்பாகச் சொல்லிவிட்டால், யாரைப் போய்க் கேட்பது? அதுதான் ஜீவா. பெஞ்சில் இருந்த ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. தலைவரைக் காணாமல் ஏங்குகிறவனுக்கு அந்தக் குரல் ஒரு ஆறுதல், அதைப் போய்ச் சதி என்றால் எப்படி என்று அவர் வாதம். அந்த ஏக்கத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் என் ஓட்டு இளைஞருக்கே. கேள்வி கேட்க ஆள் இல்லாத இடத்தில் தலைமை என்று ஒன்று இருக்க முடியாது.

திருச்சுழியில் அதிக நேரம் தங்கவில்லை. 1879ல் ரமண மகரிஷி பிறந்த வீடு இங்கே சுந்தர மந்திரம் என்ற பெயரில் பராமரிக்கப்படுகிறது. திண்ணையில் கொஞ்சம் உட்கார்ந்தேன். சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் பக்கத்திலேயே. உலகத்தை மூழ்கடிக்க வந்த பிரளய வெள்ளத்தைச் சிவன் சூலத்தால் குத்திப் பூமிக்குள் சுழித்து இறங்கச் செய்தார் என்பது தலபுராணம். கோயிலை ஒட்டி ஓடும் குண்டாற்றில் மணலும் நாணலும்தான். ஊரை மூழ்கடிக்கும் தண்ணீரைக் கற்பனை செய்த முன்னோர்களை நினைத்து மணலில் நடந்தேன். சுஜாதா கற்பனை செய்த அதே 2021ல், பிப்ரவரி மாதம், காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர் கால்வாய் வெட்டிக் காவிரியின் உபரி வெள்ளத்தை இந்த மணலுக்குக் கொண்டுவருவது திட்டம். இந்தப் பக்கத்தில் எந்தத் தலைவரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் தண்ணீர் வந்துவிடும். ஜீவாவைப் பற்றிப் பேசியபோதும் அப்படித்தான். அவர் நாட்டில் குழாயில் தண்ணீர் வந்ததா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

திருச்சுழி ஒன்றியத்திலேயே உள்ளடங்கிய ஒரு ஊருக்கு என்னை அனுப்பிவைத்தவர் அந்தத் தறிக்காரப் பெரியவர்தான். தன் தங்கையை அங்கே கட்டிக்கொடுத்திருப்பதாகவும், நிலா வழக்கை அவளுக்கு மேல் பேச ஆள் கிடையாது என்றும் சொல்லியிருந்தார். 1996ல் பஞ்சாயத்துத் தலைவர் ஆனவர் அந்த அம்மா. 73வது அரசியல் சட்டத் திருத்தத்தை ஒட்டி 1994ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்து, மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று ஆகி, அதன்படி நடந்த முதல் தேர்தல் 1996 அக்டோபரில். இப்போது அது பாதிக்குப் பாதி. 2019 டிசம்பர் தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது.

வேப்பமர நிழலில் குதிரைவாலி புடைத்துக்கொண்டிருந்தார். வாசல் திண்ணையில் அவருடைய கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “அண்ணன் ஃபோன் பண்ணுச்சு, தம்பி. உக்காருங்க” என்று சுளகைக் கீழே வைத்தார். மோர் வந்தது.

“நான் தலைவரானப்ப எங்க ஊர்ல எல்லாரும் பிரசிடெண்ட்னு கூப்பிட்டது இவுகளத்தான்” என்று திண்ணையைக் காட்டினார். “கூட்டத்துக்கு இவுக போவாக. அதிகாரி வந்தா இவுக பேசுவாக. நான் டீ கொடுப்பேன். பேப்பர் வரும், ‘இந்தா, இதுல போடு’ம்பாக, போடுவேன். ஒருநா ராத்திரி படுத்துக் கெடக்கேன், டிவில பாத்த அந்த நிலா நெனப்பு வந்துச்சு. நாலஞ்சு வருஷத்துக்கு முன்னால பாத்தது. அவள ராணின்னு உக்கார வச்சு, பின்னால ரெண்டு பேரு ஆண்டாகள்ல. அட பாவி, நம்ம கதையல்லான்னு எந்திரிச்சு உக்காந்துட்டேன்.”

தொடர் வந்தபோது அவர் நிலா கட்சியே இல்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். புருஷனைத் தேடி வந்தவளுக்கு ராணி நாற்காலி எதுக்கு, முடியாது என்று சொல்லியிருக்க வேண்டாமா என்று அப்போது நிலாவைத் திட்டியிருக்கிறார். பொம்மையாக உட்கார்ந்தவளும் அந்தக் குற்றத்தில் பங்காளி என்பது அவர் கட்சி. தானே அப்படி உட்கார்ந்த பிறகு வழக்கை மறுபடி விசாரித்திருக்கிறார்.

“நாற்காலிய வேண்டாம்னு சொல்லக்கூடாது, தம்பி. பொம்மையாத்தான் உக்காரச் சொல்றாகன்னு தெரிஞ்சும் உக்காரணும். உக்காந்தாத்தான் எந்தக் கயிறு எங்க போகுதுன்னு தெரியும்.”

பஞ்சாயத்துக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். குடிதண்ணீர்க் குழாய் பதித்த வேலைக்கு ஒரு பில் வந்திருக்கிறது. துணைத்தலைவர் போட்டுவிட்டார். போடு என்றிருக்கிறார் கணவர். இவர் காசோலையை அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டு, ஊரின் கீழ்க்கோடித் தெருவுக்கு நடந்து போய், கடைசிக் குழாயைத் திறந்து பார்த்திருக்கிறார். காற்றுதான் வந்தது. அந்தத் தெருப் பெண்கள் குடத்தோடு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். தண்ணீர் வருகிறவரை கையெழுத்து இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

“வீட்ல பேச்சு வார்த்தை கெடையாது. இவுக சாப்பாட்டத் தட்டோட தள்ளி வச்சாக. கன்ட்ராக்டர் வந்து வாசல்ல நின்னு ‘பிரசிடெண்ட் எங்க’ன்னாரு. இவுக பேப்பர்ல இருந்து தலையத் தூக்காம, ‘உள்ள இருக்கா, போய்ப் பேசிக்க’ன்னாக. அன்னைக்குத்தான் நான் பிரசிடெண்ட் ஆனது. தேர்தல் முடிஞ்சு ஒன்றரை வருசம் கழிச்சு.”

குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்டேன். பள்ளம் மேடு பார்க்காமல் பதித்திருந்தார்களாம். தோண்டித் திருப்பிப் பதித்தபின் வந்தது, கோடையில் மட்டும் ஒருநாள் விட்டு ஒருநாள்.

“நிலாவுக்கு மகுடத்தக் கொடுத்தாக, கையெழுத்தக் கொடுக்கல. அவ மொதல்ல கேட்டிருக்க வேண்டியது அதைத்தான்” என்றார், சுளகை மறுபடி கையில் எடுத்தபடி.

திண்ணையில் பேப்பர் மடிந்தது. “அவளா என்ன செஞ்சா? எல்லாம் அந்த நாய்க்குட்டி சொல்லிக் கொடுத்தது. ஜீனோ இல்லேன்னா நிலா ஏது? நாய்கிட்ட ரோசனை கேட்டு ஆள்றது ஒரு தலைமையா?”

“புருசன்கிட்டக் கேட்டு ஆண்டா மட்டும் தலைமையாக்கும்?”

“நான் கதையச் சொல்றேன்.”

“நானும் கதையத்தான் சொல்றேன். ரோசனை யாரும் சொல்லலாம். நாய் சொன்னா என்ன, நரி சொன்னா என்ன. அதுல எது சரின்னு எடுத்தது அவதான? தப்பாப் போனா தலை போறதும் அவளுக்குத்தான?”

மிளகாய் மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போன ஒருவர் நின்றுவிட்டார். என்ன வழக்கு என்று கேட்டார். சொன்னதும் சைக்கிளை வேம்பில் சாய்த்தார். அவர் ரவி கட்சி.